எந்த ஸ்டேஷன், அங்கிள்?

பாஸ்போர்ட்டை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கௌரிசங்கர் வந்திருந்தான். கதவைப் பூட்டும்போது ஒரு முறை, ஹோம்புஷ் ஸ்டேஷன் படியில் ஒரு முறை, ரயிலில் உட்கார்ந்ததும் ஒரு முறை. மூன்று முறை தடவியவன் ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம். சிட்னியின் ஆஷ்ஃபீல்ட் பரீட்சை மையத்தில் அவன் அதை நீட்டியதும், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பக்கத்தைப் புரட்டிப் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு, "இது நீங்களா?" என்று கேட்டாள்.

படத்தில் இருந்தது அவன் மனைவி சந்திரகலா.

இந்தியப் பாஸ்போர்ட் எல்லாமே ஒரே கருநீலம். கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு ஒரு நிறம் என்று கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? கௌரிசங்கருக்கு அந்த நிமிடத்தில் டெல்லியில் இருக்கிற ஏதோ ஒரு அதிகாரியின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. போனில் இருந்த பாஸ்போர்ட் நகலைக் காட்டினான். லைசென்ஸைக் காட்டினான். முகத்தையே காட்டினான். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சிரித்தபடி, அசல் பாஸ்போர்ட் வேண்டும் என்றாள். பத்தரைக்குக் கதவை மூடிவிடுவார்கள், அதன் பிறகு பிரதமரே வந்தாலும் திறக்க மாட்டார்கள் என்றாள். மணி ஒன்பது இருபது.

வேறு ஒரு நாளாக இருந்தால் போகட்டும் என்று திரும்பியிருப்பான். ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை. வருகிற புதன்கிழமை அவனுக்கு நாற்பது வயது. மற்றவர்களுக்கு நாற்பது என்றால் கேக், பலூன். நிரந்தர விசாவுக்குக் காத்திருக்கிறவனுக்கு நாற்பது என்றால் விசாக் கணக்கில் பத்துப் புள்ளி போச்சு. புதன்கிழமைக்குள் ஆங்கிலப் பரீட்சையில் மேல்தட்டு மார்க் வாங்கி விண்ணப்பத்தில் ஏற்றினால் விசாவுக்கு அழைப்பு வரும். இல்லாவிட்டால் பிப்ரவரியில் வேலை விசா முடிகிறது, ஆறு வருட சிட்னி வாழ்க்கையை நான்கு பெட்டியில் அடைத்துக்கொண்டு கரூருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அடுத்த பரீட்சைத் தேதி இருபத்தொன்று. அதற்குள் அவன் கிழவனாகியிருப்பான்.

ஏற்கெனவே மூன்று முறை எழுதியாகிவிட்டது. வாசிப்பு, எழுத்து, கேட்பது எல்லாம் நன்றாகவே வந்தன. பேச்சில்தான் மூன்று முறையும் கவிழ்ந்தான். திருத்துவது மனிதனில்லை, கம்ப்யூட்டர். அதற்கு இலக்கணம், அறிவு, அடக்கம் எதுவும் முக்கியமில்லை. இடையில் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். கௌரிசங்கரோ நாலு வார்த்தைக்கு ஒரு முறை "ம்ம்ம்" என்று நிறுத்தி, சரியான சொல்லைத் தேடி, கண்டுபிடித்து, அதற்கப்புறம் பேசுகிறவன். ஆபீசில் இதற்குப் பெயர் நிதானம். கம்ப்யூட்டருக்கு இது திக்கல்.

சந்திரகலா முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட்; போன் லாக்கருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். அவரைக் கூப்பிடாமல் இருக்க வேறு ஏதாவது வழி உண்டா என்று கௌரிசங்கர் அரை நிமிடம் யோசித்தான். இல்லை. அரியரத்தினம் அங்கிளின் எண்ணை அழுத்தினான்.

அரியரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குகிறவர். ஹோம்புஷில் அவருடைய வீட்டின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில்தான் கௌரிசங்கரும் சந்திரகலாவும் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள். நல்ல மனிதர். சந்தேகமே இல்லை. அதுதான் சிக்கல். கேட்காமலே உதவி செய்வார். செய்த உதவியைச் சரிசெய்ய நமக்கு ஒரு வாரம் பிடிக்கும். காரைக் கழுவித் தருகிறேன் என்று கழுவுவார், ஜன்னலை ஏற்ற மறந்திருப்பார். குப்பைத் தொட்டியை வெளியே வைத்துத் தருவார், தவறான வாரத்தில் தவறான நிறத் தொட்டியாக இருக்கும். கண்ணில் ஆபரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, கார் ஓட்டக் கூடாது. ஒரு முழங்கால் போன வருடம் மாற்றியது. போனில் அவர் பேசுவது தந்தி அடிப்பது போல: தன் பக்கத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எதிர்முனையில் இருப்பவருக்கும் ஏதாவது சொல்ல இருக்கும் என்பது அவர் கணக்கில் கிடையாது.

"ஓம் தம்பி, சொல்லும்."

கௌரிசங்கர் சொன்னான்.

"ஐயையோ! எங்க வச்சனீர்?"

"கட்டிலுக்குப் பக்கத்துல டிராயர் இருக்கு அங்கிள், மேல் டிராயர்."

"லாச்சியோ?"

"ஆமா அங்கிள், லாச்சிதான். மேல் லாச்சி."

சாவி எடுக்கும் சத்தம், பின்கதவு திறக்கும் சத்தம், ஏதோ ஒன்று விழும் சத்தம் எல்லாம் கேட்டன. "தம்பி, இதுக்குள்ள சொக்ஸ் எல்லோ கிடக்கு."

"சாக்ஸுக்குக் கீழ அங்கிள். நீல ஃபைல்."

"இது பச்சை."

"அதுக்கும் கீழ."

இப்படியே இருபது நிமிடம் போனது. கடைசியில், "ஆ, கிடைச்சிட்டுது! உம்மட படந்தான், முழிச்சுக்கொண்டு நிக்கிறீர்," என்றார்.

"அங்கிள், நான் ஊபர் புக் பண்றேன். நீங்க வாசல்ல நின்னா போதும்."

"உதொண்டும் வேண்டாம். ரோட்டில மாட்டுப்பட்டா என்ன செய்யிறது? ரயில் எண்டா ரயில்தான். நீர் யோசியாதையும், நான் வெளிக்கிட்டிட்டன்."

வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் வெளிக்கிட்டிட்டன் என்றால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றும் கொள்ளலாம், இப்போதுதான் கால்சட்டை மாட்டுகிறார் என்றும் கொள்ளலாம். எது என்று தெரியாமல் கௌரிசங்கர் ஆஷ்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

ஸ்டேஷனில் போய் நின்றதும் திரையில் ஒரு வரி ஓடியது: சிக்னல் கோளாறு, மேற்கிலிருந்து வரும் ரயில்கள் நடுவழியில் நிற்கலாம். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மறுபடி போன் போட்டான். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று போகிற சத்தம்.

"அங்கிள், எங்க இருக்கீங்க? எந்த ஸ்டேஷன்?"

"என்ன?"

"எந்த ஸ்டேஷன் அங்கிள்? எந்த ஸ்டேஷன்ல இருக்கீங்க?"

"வாறன் தம்பி, வாறன்!"

வைத்துவிட்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஹோம்புஷுக்கும் ஆஷ்ஃபீல்டுக்கும் நடுவில் வாரன் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு நடைமேடை, மேலே ஒரு பாலம், ஒரு காபிக் கடை, அதுவும் மத்தியானத்தோடு மூடிவிடும். ஆஷ்ஃபீல்டிலிருந்து இரண்டாவது நிறுத்தம். வெள்ளைக்காரர்கள் அதை வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள். நம் ஆட்கள் எல்லாருக்கும் அது வாரன்தான். யாழ்ப்பாணத்தார் வாறன் என்று எழுதினால் வருகிறேன் என்று அர்த்தம். எழுத்தில்தான் ஒரு ற, ஒரு ர. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், அதுவும் சரக்கு ரயில் சத்தத்துக்கு நடுவில்.

சாதாரணமான நாளில் கௌரிசங்கருக்கு இது தெரியாததல்ல. இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது வாறன் கேட்கிறவன். ஆனால் அவன் கேட்டது எந்த ஸ்டேஷன் என்று. வந்த பதில் ஒரு ஸ்டேஷன் பெயர். திரையிலோ ரயில்கள் நடுவழியில் நிற்கின்றன என்று ஓடுகிறது. படித்தவன் மூளை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டது: அங்கிளின் ரயில் வாரனில் நின்றுவிட்டது, அவர் அங்கே மாட்டிக்கொண்டார். எதிர்த்திசை ரயிலோ அவன் மூக்குக்கு முன்னாலேயே கதவைத் திறந்தபடி நிற்கிறது. ஏறிவிட்டான். ஒரு நிமிடம் நின்று மறுபடி போன் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்து மூன்றுக்கு வாரனில் இரண்டாம் நடைமேடையில் இறங்கினான். ஒரு ஈ காக்கை இல்லை. காத்திருப்பு அறையில் பார்த்தான், கழிப்பறை வாசலில் நின்று "அங்கிள்!" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து வேறு யாரோ ஒரு அங்கிள் ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். முதல் நடைமேடை காலியாக இருந்தது. அங்கே ஸ்டேஷன் உடை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவில் ஆரஞ்சு நாடா ஒட்டியிருந்தது. வேலை செய்யவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம். கௌரிசங்கர் பாலத்தில் ஏறினான். நாற்பத்திரண்டு படி. ஏன் எண்ணினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அவன் பாலத்தின் நடுவில் வரும்போது கீழே முதல் நடைமேடையில் ஆஷ்ஃபீல்ட் பக்கம் போகிற ரயில் வந்து நின்றது. இறங்கி ஓடினான். கடைசிப் படிக்கு வரும்போது கதவு மூடியது. மூன்றாம் பெட்டி அவனைக் கடந்து போனபோது, இரண்டடுக்கு ரயிலின் மேல்தட்டு ஜன்னலில் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அதற்குக் கீழே அரியரத்தினம் அங்கிள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு பிடித்தபடி, பரீட்சைக்குப் போகிறவர் அவர்தான் என்பது போல நேராக முன்னால் பார்த்துக்கொண்டு போனார். கௌரிசங்கர் கத்தினான். குதித்தான். ரயில் போய்விட்டது. பூந்தொட்டி அம்மாள் மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

போன் போட்டான். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ரயிலுக்குள் போனில் கதைக்கக் கூடாது என்பது அங்கிளின் கொள்கை. மற்றவர்களுக்கு இடைஞ்சலாம். பத்துப் பன்னிரண்டுக்கு அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நான் வந்திட்டன். ஆஷ்ஃபீல்டில நிக்கிறன். நீர் எங்க?"

"நான் வாரன்ல இருக்கேன் அங்கிள்!"

"ஓம், வாரும், வாரும்."

"இல்ல அங்கிள், வாரன்! வாரன்!"

"ஓம், கெதியா வாரும். நான் இங்கதான் நிக்கிறன்."

"அங்கிள்! வாரன் ஸ்டேஷன்!"

"ஸ்டேஷனிலதான் தம்பி நிக்கிறன், படிக்குப் பக்கத்தில. ஏன் கத்துறீர்? வடிவாக் கேக்குது."

வைத்துவிட்டார்.

கௌரிசங்கர் நெற்றியில் அடித்துக்கொண்டான். உண்மையாகவே அடித்துக்கொண்டான், சத்தம் வந்தது. பிறகு மணியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். சரி, ஒன்றும் மோசமில்லை. முதல் நடைமேடையில் பத்து இருபத்தொன்றுக்கு ஆஷ்ஃபீல்ட் ரயில் வருகிறது. பத்து இருபத்தாறுக்கு அங்கே. அங்கிள் படிக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவருக்கு எதுவும் புரியவில்லை என்பதால் அங்கேயேதான் நிற்பார். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓடினால் மூன்று நிமிடம். பத்து இருபத்தொன்பது. புரியாமல் இருப்பதே நல்லது. கடவுளே, ஒரு பத்து நிமிடம் அவருக்கு ஒன்றும் புரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

பத்துப் பதினைந்துக்குப் போன் அடித்தது.

"தம்பி, இப்பதான் எனக்கு விளங்கினது! நீர் வாரன் ஸ்டேஷனில எல்லோ நிக்கிறீர்! இங்க சுவரில ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதிக் கிடக்கு, பார்த்தவுடன விளங்கிட்டுது."

"அங்கிள், அங்கேயே நில்லுங்க! நகராதீங்க! நான்..."

"ஒண்டுக்கும் யோசியாதையும். நான் ஏறிட்டன்."

வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் கௌரிசங்கருக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். உலகத்தில் எத்தனையோ பேர் உதவி செய்யாமல் இருக்கிறார்கள். ஏன், முழு சிட்னியும் அவனுக்கு உதவி செய்யாமல்தான் இருந்தது, அதனால் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இந்த ஒரு மனிதருக்கு மட்டும் சும்மா நிற்க என்ன கேடு? ஊபர் தேடினான். ஒன்பது நிமிடம் என்றது. கணக்குப் போட்டான்: அங்கிளின் ரயில் பத்து இருபதுக்கு இரண்டாம் நடைமேடைக்கு வரும். இவன் போக வேண்டிய ரயில் பத்து இருபத்தொன்றுக்கு முதல் நடைமேடையிலிருந்து கிளம்பும். நடுவில் நாற்பத்திரண்டு படி ஏறி நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். லிஃப்ட் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறார்கள்.

பூந்தொட்டி அம்மாளிடம் ஓடினான். இடுப்பில் கொடி சொருகியிருந்தாள், சட்டையில் ஷெரில் என்று எழுதியிருந்தது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான். பாஸ்போர்ட், பரீட்சை, நாற்பது வயது, அங்கிள், தமிழில் ஒரு வார்த்தை. ஷெரில் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். பாதி புரிந்திருக்கும். "ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் பிடித்து வைக்க முடியாது, கண்ணே," என்றாள்.

பாலத்தைத் தாண்டி இரண்டாம் நடைமேடையில் படியின் காலடியில் நின்றான். ரயில் வந்தது. அங்கிள் எங்கே இறங்குவார்? படிக்குப் பக்கத்துப் பெட்டியிலா? அதுதான் இல்லை. கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். நடைமேடையின் அந்தக் கோடியில் சாம்பல் தொப்பி தெரிந்தது. பாண் ரொட்டி சுற்றி வரும் பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார். அதற்குள் பாஸ்போர்ட். ஓட முயன்றார். மாற்றின முழங்காலோடு மனிதர் ஓடுவதைப் பார்த்தால் பயமாக இருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு. கௌரிசங்கர் அவரை நோக்கி ஓடினான்.

"தம்பி, நான்..."

பையைப் பறித்தான். திரும்பி ஓடினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்பது பாதிதான் உண்மை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், அது எழுபது வயதுக்காரரிடம் சொல்லக்கூடியது இல்லை. முதல் நடைமேடையில் ரயில் வந்து நின்றுவிட்டது. பாலத்தில் ஓடும்போது கீழே ஷெரில் தெரிந்தாள். கொடியை உயர்த்தாமல் இடுப்பில் கை வைத்தபடி ரயில் கார்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கடைசி நாலு படியை ஒரே தாவலாகத் தாவினான். கதவுக்குள் விழுந்தான். கொடி உயர்ந்தது.

ரயில் நகரும்போது எதிர்ப் பக்கம் பார்த்தான். அரியரத்தினம் அங்கிள் படிக்கட்டு வரைக்கும் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பி கையில் இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். இவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கௌரிசங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பத்து இருபத்தொன்பதுக்கு மேசைப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி, "இது நீங்கள்தான்," என்றாள். பத்தரைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது.

கம்ப்யூட்டர் இருந்த மர அடைப்புக்குள் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் பகுதியே பேச்சு. நாலு பக்கமும் மற்ற பரீட்சைக்காரர்கள் சந்தை போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் கேள்வி வந்தது: உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றி நாற்பது வினாடி பேசுங்கள்.

கௌரிசங்கர் திரையை முறைத்தான். இதற்கென்று மனப்பாடம் செய்து வைத்த பதில் ஒன்று உண்டு, பள்ளிக்கூட ஆசிரியர், ஒழுக்கம், கடின உழைப்பு என்று. பீப் என்றது. அவன் வாயைத் திறந்தான். ஆசிரியர் வரவில்லை. ஆங்கிலத்தில்தான் வந்தது, தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஒரு மனுஷன் இருக்கிறார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் ஸ்டேஷன் பேரைச் சொல்ல மாட்டார். நில்லுங்கள் என்றால் நிற்க மாட்டார். கார் வேண்டாம் என்பார், போனை வைத்துவிடுவார், யார் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. கண்ணில் ஆபரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகிறது, வெயிலில் போகாதே என்று டாக்டர் சொன்னால் அதையும் கேட்க மாட்டார். முழங்கால் மாற்றியிருக்கிறது, லிஃப்ட் இல்லை, இரண்டு ரயில் மாறி ஏறுகிறார், யார் ஏறச் சொன்னது? கடைசிப் பெட்டியில் இறங்கி ஓடுகிறார், யார் ஓடச் சொன்னது? விழுந்திருந்தால்? அங்கேயே விழுந்து எலும்பு முறிந்திருந்தால் நான் அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?"

திட்டத் திட்ட அவர் செய்ததுதான் வாயில் வந்தது. நின்றால் மார்க் போய்விடும் என்று மேலும் திட்டினான். பீப் அடித்தபோது பக்கத்து அடைப்புப் பெண் தலையைத் தூக்கி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. சந்திரகலாதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் அணைக்கவில்லை. எல்லாவற்றிலும் தேறியிருந்தான். பேச்சில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். தடையில்லாமல் பேசுவதற்கு முழு மார்க். அவன் அன்றைக்கே விண்ணப்பத்தில் ஏற்றினான், இரண்டு முறை சரிபார்த்தான், இந்த முறை திறந்தே பார்த்தான்.

"அங்கிள்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள் சந்திரகலா. "சனிக்கிழமையிலிருந்து நீங்க அந்தப் பக்கமே போகல."

போகவில்லைதான். சனிக்கிழமை வேலை இருப்பது போல, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தோட்டத்துக்குப் போகாமல் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கிள் பின்பக்கம் வரும் சத்தம் கேட்டபோது போனைக் காதில் வைத்துக்கொண்டான். கோபம் தணிந்துவிட்டது. தணிந்த பிறகு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

விஜயா அன்ரி, அங்கிளின் மனைவி, கதவைத் திறந்தாள். "வாரும் தம்பி," என்றாள், வழக்கமான சிரிப்பு இல்லாமல். அங்கிள் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஐஸ் பொதி. டிவி ஓடவில்லை.

"பாஸ் ஆயிட்டேன் அங்கிள். எல்லாத்துலயும்."

அங்கிள் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. "உண்மையாவோ? கதைக்கிறதிலயுமோ?"

"அதுலதான் ஜாஸ்தி."

"கேட்டீரோ விஜயா, கேட்டீரோ!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "என்ன கேட்டவங்கள்? என்ன கேள்வி வந்தது?"

"உதவி செஞ்ச ஒருத்தரைப் பத்தி."

"ஆரைச் சொன்னனீர்?"

கௌரிசங்கர் ஒரு நொடி தயங்கினான். ஆசிரியரைச் சொன்னேன் என்று தப்பித்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் நன்றியும் காட்டிவிடலாமே, எப்படிச் சொன்னேன் என்பதை இவர் கேட்கவா போகிறார் என்று நினைத்தான். "உங்களைத்தான் அங்கிள். நாப்பது செகண்டும் உங்களைத்தான் பேசினேன்."

அங்கிளின் முகம் மாறியது. "என்னைப் பேசினீரோ?" என்றார் மெதுவாக.

அப்போதுதான் கௌரிசங்கருக்கு உறைத்தது. நாம் பேசுவது என்பது யாழ்ப்பாணத்தில் கதைப்பது. ஒருவரைப் பேசினேன் என்றால் திட்டினேன் என்று அர்த்தம். அவசரமாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்த அர்த்தத்தில் இல்லை அங்கிள், எங்க ஊர் அர்த்தத்தில். ஆனால் எந்த ஊர் அர்த்தத்தில் சொன்னாலும் நடந்தது அதுதானே. ஐஸ் பொதியைப் பார்த்தான்.

"ஆமா அங்கிள்," என்றான். "பேசினேன். நல்லாவே பேசினேன்."

விஜயா அன்ரி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அங்கிள் ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"பேசத்தானே வேணும்," என்றார். "நான் செய்த வேலைக்கு. அண்டைக்கு நீர் ஒரு சொல் பேசேல்ல, தம்பி. பறிச்சுக்கொண்டு ஓடினீர். ரயிலுக்குள்ள இருந்து மற்றப் பக்கம் பார்த்தீர். இந்தப் பொடியன்ர வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டன், அவன் ஒரு சொல்கூட என்னைப் பேசேல்லயே எண்டுதான் ரெண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை. மிஷினிட்டயாவது பேசினீரே. அது காணும், அது போதும்."

கௌரிசங்கர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். ஐஸ் பொதி நழுவிக் கீழே விழப்போனது, அதைப் பிடித்து மறுபடி அவர் முழங்காலில் வைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"விஜயா," என்றார் அங்கிள் உள்ளே பார்த்து. "சோத்தைப் போடும். எனக்குப் பசிக்குது."